ஹிப்ஹாப், ஜாஸ், சோல்: கடற்கரை ஊரில் இருந்துகொண்டு எங்கே தொடங்குவது, யாரோடு கேட்பது?

தொண்டிக்குப் பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கல்லூரி நண்பன் ஒருவனால் ஹிப்ஹாப் கேட்கத் தொடங்கினேன். அதிலிருந்து ஜாஸ், சோல், ஆப்பிரிக்க இசை என்று ஆசை பெருகிவிட்டது. எதைப் பிடித்து உள்ளே போவது என்று தெரியவில்லை. வீட்டிலும் படகிலும் போட்டுக் காட்டினால், 'இதெல்லாம் நமக்கு ஆகாது' என்கிறார்கள். எங்கே தொடங்குவது, யாரோடு கேட்பது?"

கடைசிப் பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். "நமக்கு ஆகாது" என்று நம் கரையில் யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்வதில்லை. பாம்பன் தீவில் பிறந்து வளர்ந்தவன் நான். முப்பது வருடங்களுக்கு மேலாக இந்த இசைகளைக் கேட்டு வருகிறேன். இவற்றுக்கு என்ன காது வேண்டுமோ, அந்தக் காது நம் கரையில் வலை இழுத்தவர்களிடம் முன்பே இருக்கிறது. அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலக் கடற்கரையில் மென்ஹேடன் என்று ஒரு மீன் உண்டு. மத்தி போன்றது, எண்ணெய்க்கும் தீவனத்துக்கும் பிடிப்பார்கள். அங்கே கறுப்பின மீனவர்கள் வளைத்துப் போட்ட வலையைக் கையால் இழுக்கும்போது பாடினார்கள். 1950-களில் வலை இழுக்க இயந்திரம் வந்தது, பாட்டு நின்றுபோனது. பல வருடங்கள் கழித்து, தொழிலை விட்டுவிட்ட முதியவர்கள் சிலர் ஒன்றுகூடி, நினைவில் மிஞ்சியதைப் பாடிப் பதிவு செய்தார்கள். நியூயார்க்கின் கார்னகி ஹால் மேடை வரை அந்தப் பாட்டு போனது.

எங்கள் ஊரில் கரைவலையில் நாற்பது வருடம் முன்பாட்டுப் பாடிய பெரியவர் ஒருவர் இருந்தார். எனக்குப் பெரியப்பா முறை. ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுத் திண்ணையில் கயிற்றுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தபோது அந்தப் பதிவைப் போட்டேன். யார், எந்த ஊர், என்ன மொழி, எதையும் சொல்லவில்லை. ஒரு குரல் தனியாக ஒரு வரியை எடுத்தது. பத்துப் பேர் சேர்ந்து அதை வாங்கிக்கொண்டார்கள். பிறகு பாட்டு இல்லாத ஓர் இடைவெளி. அதில் கலைந்த பேச்சும் கூச்சலும் மட்டும் கேட்டன. மீண்டும் தனிக்குரல். மூன்றாவது சுற்றில் பெரியப்பாவின் விரல்கள் அந்த இடைவெளி வந்ததும் கயிற்றின் மேல் இறுகின. நான்காவது சுற்றில் தோள் அசைந்தது. "இந்த இடத்தில்தான் இழுக்கிறார்கள்" என்றார். நான் தலையாட்டினேன். "பாரம் அதிகம். இல்லையென்றால் இவ்வளவு நேரம் விடமாட்டான்" என்றார்.

ஓர் ஆங்கிலச் சொல்லும் புரியாமல் அந்தப் பாட்டின் வேலையை முழுவதும் புரிந்துகொண்டார். வலை இழுக்கும்போது பாடும் நம் அம்பாப் பாட்டில் "ஏலேலோ" என்று ஒருவர் எடுக்க, "ஐலசா" என்று மற்றவர்கள் முடிப்பதும் இதே அமைப்புதான். முன்பாட்டு, பின்பாட்டு. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள் பருத்திக் காட்டிலும், சிறையின் கல் உடைக்கும் வேலையிலும், தேவாலயத்திலும் இந்த அமைப்பைக் காப்பாற்றி வைத்தார்கள். துயரத்தைப் பாடும் ப்ளூஸும் தேவாலயத்தில் பாடும் காஸ்பெலும் அதிலிருந்து வந்தவை. ஜாஸும் சோலும் ஹிப்ஹாப்பும் அவற்றின் பிள்ளைகள். ஆகவே, தம்பி, எந்தப் பாட்டை எடுத்தாலும் முதல் முறை கேட்கும்போது ஒரே ஒரு கேள்வியோடு கேளுங்கள்: இதில் யார் முன்பாட்டு, யார் பின்பாட்டு?

இதை ஜாஸில் வைத்துப் பார்ப்போம். டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 1959-ல் வெளியிட்ட 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பத்தின் முதல் உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். பியானோவும், பேஸ் என்ற பெரிய நரம்புக் கருவியும் அரை நிமிடம் ஏதோ யோசிப்பது போல மெதுவாக வாசிக்கும். பிறகு பேஸ் தனியாக ஒரு வரியை எடுக்கும். பியானோ இரண்டே தட்டில் பதில் சொல்லும். பேஸ் மறுபடியும் கேட்கும். மறுபடியும் அதே இரண்டு தட்டு. சற்று நேரத்தில் டிரம்பெட்டும் சாக்ஸபோன்களும் அந்தப் பதிலில் வந்து சேர்ந்துகொள்ளும். வாய்ப்பாட்டே இல்லாமல் ஓர் அம்பா நடக்கிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். அதில் வரும் ஸ்வர வரிசை நம் கரகரப்பிரியா ராகத்தின் ஸ்வர வரிசை. கமகமும் இல்லை, ராகத்துக்கு உரிய பிடிகளும் இல்லை, அதனால் அதை ராகம் என்று சொல்லக்கூடாது. ஆனாலும் நாகஸ்வரம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த இடம் அந்நியமாகப் படாது. எட்டு எட்டுத் தாள அளவாக நான்கு பகுதிகள் ஒரு சுற்று. மூன்றாவது எட்டில் மட்டும் எல்லாமே அரை ஸ்வரம் மேலே ஏறும், நான்காவதில் பழைய இடத்துக்கு இறங்கும். இந்த ஏற்றத்தையும் இறக்கத்தையும் ஒருமுறை காதில் பிடித்துவிட்டால், தனி வாசிப்பு எவ்வளவு தூரம் அலைந்தாலும் நீங்கள் இருக்கும் இடம் உங்களுக்குத் தெரியும். ஜாஸ் புரியவில்லை என்பவர்கள் பெரும்பாலும் இந்தச் சுற்றைப் பிடிக்காமல் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள். கல்பனாஸ்வரம் பாடும்போது எடுப்புக்குத் திரும்பும் இடம் தெரிந்தால்தான் ரசிக்க முடிகிறது அல்லவா, அதே கணக்கு.

இங்கே ஒரு நடைமுறை விஷயம் சொல்லியாக வேண்டும். உங்கள் வீட்டாருக்குப் பிடிக்காமல் போனதற்குப் பாதிக் காரணம் இதுவாகக்கூட இருக்கலாம். அந்தப் பேஸின் அடி நரம்பு வினாடிக்குச் சுமார் 41 அதிர்வுகளில் ஒலிக்கிறது. கைபேசியின் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு கீழே இறங்க முடியாது. நம் பிள்ளைகள் போனைச் செம்புக்குள்ளோ அண்டாவுக்குள்ளோ வைத்துச் சத்தம் கூட்டுவார்கள். சத்தம் கூடும், பேஸ் வராது. அந்த நிலையில் மேலே சொன்ன உருப்படியில் முன்பாட்டுக்காரர் வாயைத்தான் அசைக்கிறார், குரல் இல்லை. கேட்பவருக்குப் பின்பாட்டு மட்டும் காதில் விழுகிறது. ஹிப்ஹாப்பிலும் சோலிலும் நிலைமை இன்னும் மோசம், அவற்றின் உயிர் முழுவதும் கீழே இருக்கிறது. சுமாரான ஹெட்போன் போதும். நான்கு பேர் சேர்ந்து கேட்பதென்றால், ஊரில் யாரிடமாவது பழைய மரப்பெட்டி ஸ்பீக்கர் இருக்கும். அதை இரவல் வாங்குங்கள்.

இனி, எதைப் பிடித்து உள்ளே போவது என்ற கேள்வி. என் அனுபவத்தில் இதற்கு ஒரே ஒரு நல்ல வழிதான் உண்டு: ஆளைப் பின்தொடர்வது. பாட்டில் பிடித்த ஒரு கையைக் கண்டுபிடியுங்கள். டிரம்ஸ் வாசித்தது யார், பேஸ் யார், அந்த ஊதல் யாருடையது என்று பார்த்து, அவர் வேறு எங்கே வாசித்திருக்கிறார் என்று போங்கள். பாடல் செயலிகளிலேயே கலைஞர் விவரம் இருக்கிறது. பழைய இசைத்தட்டு என்றால் பின் அட்டையில் இருக்கும். செயலி தானாகப் பரிந்துரைக்கும் அடுத்த பாட்டு, நீங்கள் ஏற்கெனவே கேட்டதைப் போலவே இருக்கும். ஆளைப் பின்தொடர்ந்தால் நினைத்தே பார்க்காத இடத்துக்குப் போய்விடுவீர்கள்.

நான் போன வழியைச் சொல்கிறேன். அந்த 1959 ஆல்பத்தில் டெனர் சாக்ஸபோன் வாசித்தவர் ஜான் கோல்ட்ரேன். அவரைப் பிடித்துக்கொண்டு போனால் 1964 டிசம்பர் 9-ஆம் தேதி அவர் பதிவு செய்த 'எ லவ் சுப்ரீம்' வரும். பேஸ் நான்கே ஸ்வரங்களில் ஒரு சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்க, கோல்ட்ரேன் அதைப் பல சுருதிகளுக்கு மாற்றி மாற்றி வாசித்து, கடைசியில் சாக்ஸபோனை இறக்கிவிட்டு அதையே வாயால் நாமாவளி போலச் சொல்லுவார். ரவிசங்கர் மேல் இருந்த மதிப்பால் தன் மகனுக்கு ரவி என்று பெயர் வைத்தவர் அவர். 1967-ல் அவர் இறந்தபின், அவருடைய மனைவி ஆலிஸ் கோல்ட்ரேன் ஆறுதல் தேடிப் போன குரு சுவாமி சச்சிதானந்தா. அவர் யார் என்று தேடினால், 1914-ல் கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்தில் பிறந்த தமிழர்! அவர் பெயரைத் தாங்கி 1971-ல் ஆலிஸ் வெளியிட்ட ஆல்பத்தில் தம்பூரா சுருதிக்கு மேல் ஹார்ப் என்ற யாழ் போன்ற கருவி தண்ணீர் போல ஓடும். அதைக் கேட்டு நான் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கோல்ட்ரேனைப் பிடித்துக்கொண்டு கிளம்பினவன் செட்டிப்பாளையத்தில் வந்து இறங்குவேன் என்று யார் நினைத்தார்கள்?

அதே மைல்ஸ் டேவிஸிடமிருந்து இன்னொரு கிளை. 1960-களின் முடிவில் அவரோடு கிட்டார் வாசித்தவர் ஜான் மெக்லாலின். அவரைப் பின்தொடர்ந்தால் சக்தி என்ற குழு. அதில் வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். 1976-ல் அவர்களுடைய முதல் ஆல்பம் வந்தது. ராமேசுவரம் ரயிலில் போகும்போது மானாமதுரையில் வண்டி நிற்கிறதே, அந்த ஊர்க் கடத்துக்கு உள்ள பெயரை நான் சொல்ல வேண்டியதில்லை. மண் பானையும் ஜாஸ் கிட்டாரும் ஒருவரையொருவர் துரத்துவதைக் கேட்டுவிட்டு, அடுத்தமுறை அந்த ஸ்டேஷனைத் தாண்டும்போது ஜன்னல் வழியே பாருங்கள்.

மூன்றாவது கிளை உங்கள் ஹிப்ஹாப்புக்கே திரும்பும். ராக்கிம் என்ற ராப் கலைஞர் சிறுவயதில் சாக்ஸபோன் வாசித்தவர், கோல்ட்ரேனை ஆழ்ந்து கேட்டவர். 1987-ல் எரிக் பி-யோடு அவர் வெளியிட்ட முதல் ஆல்பத்துக்கு முன்பு ராப் வரிகள் பெரும்பாலும் வரி முடிவில் மட்டும் இயைபு வைத்து நிற்கும். ராக்கிம் வரிக்குள்ளேயே இயைபுகளை அடுக்கி, தாளத்தின் கோட்டைத் தாண்டி வாக்கியத்தை ஓட விடுவார். எதுகையும் மோனையும் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு இது விருந்து.

ஹிப்ஹாப் பற்றி நீங்கள் ஏற்கெனவே கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பிறப்பு நம் ஊர் வழக்கத்துக்கு எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும் சொல்கிறேன். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் கொடைக்கும் மைக் செட் கட்டுவோம் இல்லையா? தென்னை மரத்தில் குழாய் ஸ்பீக்கர், பந்தலுக்குப் பின்னால் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் இசைத்தட்டுகளை யாரையும் தொட விடாத ஓர் ஆள். எந்த நேரத்தில் எந்தப் பாட்டு என்று முடிவு செய்பவர் அவர். நம் ஊர் சவுண்ட் சர்வீஸ் போலவே ஜமைக்காவில் சவுண்ட் சிஸ்டம் என்று ஒன்று 1950-களிலிருந்தே தெருத் தெருவாக நடந்தது. பாட்டு ஓடும்போது அதன் மேலேயே மைக்கில் பேசிப் பாடும் வழக்கமும் அங்கே உண்டு. கிங்ஸ்டனிலிருந்து சிறுவனாக நியூயார்க் போன கிளைவ் கேம்ப்பெல் அதைப் பார்த்து வளர்ந்தவர். டிஜே கூல் ஹெர்க் என்று பெயர் வைத்துக்கொண்டார். 1973 ஆகஸ்ட் 11 அன்று, பள்ளி திறப்பதற்கு முன் புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க அவருடைய தங்கை சிண்டி, பிராங்க்ஸ் பகுதியில் 1520 செட்ஜ்விக் அவென்யூ கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் நுழைவுக் கட்டணம். கூட்டம் எந்த இடத்தில் துள்ளுகிறது என்று ஹெர்க் கவனித்து வைத்திருந்தார்: மற்ற வாத்தியங்கள் ஒதுங்கி டிரம்ஸ் மட்டும் வரும் சில வினாடிகள். ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு பிளேயரில் வைத்து, ஒன்றில் அந்த இடம் முடியும்போது மற்றொன்றில் அதையே தொடங்கி, அந்தச் சில வினாடிகளை நிமிடக்கணக்கில் நீட்டினார். ஹிப்ஹாப்பின் அடித்தளம் அதுதான். மேலே வார்த்தை வந்தது பிறகு. போட்டி போட்டுப் பாடும் ராப்பை வீட்டுப் பெரியவர்களுக்கு விளக்க வேண்டுமானால் எசப்பாட்டு என்று சொல்லுங்கள், லாவணி என்று சொல்லுங்கள். வேறு விளக்கம் தேவைப்படாது.

தமிழர்களிடமிருந்தே தொடங்க விரும்பினால் தாராளமாகத் தொடங்கலாம். மலேசியாவின் யோகி பி-யும் நட்சத்திரா குழுவும் 2006-ல் கொண்டுவந்த 'வல்லவன்' ஆல்பம், 2019-ல் ராப் பாடகர் அறிவின் 'தெருக்குரல்', யாழ்ப்பாணத்தில் சிறுவயதைக் கழித்து லண்டனிலிருந்து உலகை எட்டிய மாயா அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.வின் 2005, 2007 ஆல்பங்கள். இவை மூன்றும் மூன்று வெவ்வேறு தமிழ்க் கரைகள். கேட்டுவிட்டு அங்கேயே நின்றுவிடாதீர்கள், அவ்வளவுதான்.

ஹெர்க் நீட்டியது போன்ற சில வினாடிகளுக்குப் பின்னால் ஓர் அநியாயமும் இருக்கிறது. 1969-ல் த வின்ஸ்டன்ஸ் என்ற குழு வெளியிட்ட ஓர் இசைத்தட்டில் கிரிகரி கோல்மன் என்பவர் ஏழு வினாடி அளவே வரும் ஒரு டிரம்ஸ் துண்டு வாசித்தார். பின்னால் அதை வெட்டி எடுத்துப் பயன்படுத்திய பாடல்கள் ஆயிரக்கணக்கில் வந்தன; இசை உலகத்தில் அதைவிட அதிகம் எடுத்தாளப்பட்ட துண்டுகள் அரிது. கோல்மனுக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. 2006-ல் வீடில்லாமல் இறந்தார். சோல் பாடகர் ஜேம்ஸ் பிரவுனின் டிரம்ஸ் கலைஞர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட் கதையும் ஏறக்குறைய இதேதான்: கையை உலகமே கேட்டது, பெயரை யாரும் கேட்கவில்லை. அதனால்தான் நான் யாருக்குப் பாட்டு அனுப்பினாலும் வாசித்தவர்களின் பெயரோடு மட்டுமே அனுப்புகிறேன். நம் பறை, உறுமி, நையாண்டி மேளக்காரர்களின் பெயரும் எத்தனை ஒலிநாடாக்களில் அச்சிடப்படாமலே போயிற்று என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

சோல் இசைக்கு நம் கரையில் விளக்கமே தேவையில்லை; தேவாலயம் உள்ள ஊர் எல்லாவற்றுக்கும் அதன் பாதி தெரியும். ஜெபப்பாட்டின் உருக்கத்தை அப்படியே எடுத்து மனிதக் காதலுக்கும் மனிதத் துயரத்துக்கும் வைத்தார்கள், அவ்வளவுதான். 1954-ல் ரே சார்ல்ஸ் அதைச் செய்தபோது சபையார் பலர் கோபப்பட்டார்கள். பாதிரியாரின் மகளான அரிதா ஃபிராங்க்ளின் சோலின் உச்சியைத் தொட்டபின், 1972-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு பாப்டிஸ்ட் தேவாலயத்துக்கே திரும்பிப்போய்ச் சபையார் நடுவில் ஓர் ஆல்பம் பதிவு செய்தார். ராமநாதபுரத்தில் பிறந்த நாகூர் ஹனிபாவின் குரல் ஒலிபெருக்கியைத் தாண்டிப் போகுமே, அந்த வீச்சை விரும்புகிறவர்களுக்கு நான் அரிதாவைத்தான் முதலில் போட்டுக் காட்டுவேன்.

ஆனால் எனக்கு சோல் என்றால் சாம் குக். 1963 அக்டோபரில் லூசியானா மாநிலத்து ஷ்ரீவ்போர்ட் நகரில், முன்பதிவு செய்திருந்தும் கறுப்பர் என்பதால் ஒரு விடுதியில் அவருக்கு அறை மறுக்கப்பட்டது. எதிர்த்துச் சத்தம் போட்டதற்குக் கைதானார். அதற்குப் பிறகு, ஆற்றங்கரையில் ஒரு கூடாரத்தில் பிறந்தவன் நான் என்று தொடங்கி, மாற்றம் வந்தே தீரும் என்று முடியும் பாட்டை எழுதினார். 1964 டிசம்பர் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பாட்டு தனித்தட்டாக வந்தது அதே மாதத்தில், அவர் இறந்தபின். 1964 டிசம்பர் என்றால் நம் பக்கத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வராது. 22-ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைக் கடல் எடுத்தது. என் அம்மா அங்கே பிறந்தவர்; அப்போது ஒன்பது வயது. மண்டபத்தில் ஒரு கொட்டகையில் எத்தனை மாதம் இருந்தோம் என்று எண்ணிச் சொல்லுவார். இரண்டு சம்பவத்துக்கும் ஒரு தொடர்பும் கிடையாது, எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பாட்டின் முதல் வரியில் கூடாரம் என்ற சொல் வரும்போது எனக்கு அம்மாவின் கொட்டகைதான் தெரிகிறது. ஒரு பாட்டு நம்முடையதாவது இப்படித்தான் என்று நினைக்கிறேன்.

"உலக இசை" என்ற பெயரைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். 1987-ல் லண்டனில் சில இசைத்தட்டு நிறுவனத்தார் கூடி, கடையில் எந்த அடுக்கில் வைப்பது என்ற சிக்கலுக்காக அந்தப் பெயரைப் பரப்பினார்கள். அந்த அடுக்கில் மாலி நாட்டு விவசாயியும் இருப்பார், நம் நாகஸ்வரமும் இருக்கும். அந்த மாலி விவசாயி அலி ஃபர்கா தூரே. நைஜர் ஆற்றங்கரையில் நியாஃபுங்கே என்ற ஊரில் நெல் விளைவித்துக்கொண்டே கிட்டார் வாசித்தவர். அவரைக் கேட்டால் அமெரிக்க ப்ளூஸ் எங்கிருந்து கப்பலேறியது என்று காதே சொல்லிவிடும்.

ஆனால் ஆப்பிரிக்கத் தாளம் நம் கரைக்கு வர நியூயார்க் சுற்றி வரவில்லை. இலங்கை வானொலி வழியாகவே வந்துவிட்டது. எங்கள் தீவில் சென்னை வானொலியை விட இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை தெளிவாகக் கேட்கும். நான் சிறுவனாக இருந்தபோது டீக்கடைகளில் நாள் முழுவதும் அதுதான் ஓடும். அதில் வந்த பொப்பிசைப் பாடல்களில் சிலோன் மனோகரின் 'சுராங்கனி' தெரியாத வீடு கிடையாது. சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்தேன் என்ற சிங்கள வரியை, பொருள் தெரியாமலே மீன்பிடிக்கும் ஊர்கள் எல்லாம் பாடின. அந்தத் துள்ளல் நடைக்குப் பெயர் பைலா. போர்த்துக்கீசியர் காலத்திலிருந்து ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியார் இன்றும் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழ்கிறார்கள். அவர்களுடைய கஃபிரிஞ்ஞா ஆட்டப்பாட்டிலிருந்து பைலாவுக்கு வந்தது அந்தத் திஸ்ர நடை. ஆகவே உங்கள் படகில் யாராவது ஆப்பிரிக்க இசை நமக்கு ஆகாது என்று சொன்னால், 'சுராங்கனி'யைப் போட்டுவிட்டு, "இதற்குக் கல்யாண வீட்டில் ஆடினீர்களா இல்லையா?" என்று மட்டும் கேளுங்கள்.

பகிர்வதில் நான் ஒரு தவறு செய்தேன், அதை நீங்கள் செய்யக்கூடாது. மெமரி கார்டு காலத்தில், ஆர்வத்தில் ஒரு நண்பருக்கு நானூறு பாட்டுகள் ஏற்றிக் கொடுத்தேன். ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது ஒன்றுகூடக் கேட்கவில்லை. எங்கே தொடங்குவது என்று அவருக்குத் தெரியவில்லை. உங்களுக்கு இன்று இருக்கும் அதே தவிப்பை நானே அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அதன்பிறகு ஒரு ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டேன். கூட உட்கார்ந்து முழுவதும் கேட்பேன். நடுவில் பேசமாட்டேன், விளக்கமாட்டேன். முடிந்தபின் அவர்கள் கேட்டால் மட்டும் கதை சொல்லுவேன். இதற்கு நேரம் வேண்டும். நம்மிடம் தடைக்காலம் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையில் கிடக்கும்போது, வலை பொத்திக்கொண்டே கேட்பதற்கு இதைவிட நல்ல வேளை வராது. வலை பொத்தும் கைக்கு நீளமான ஜாஸ் உருப்படி ஏற்றது. என் சொந்த அனுபவம்.

இன்னொரு வேண்டுகோள். வாங்குவதோடு நிற்காமல் கொடுக்கவும் செய்யுங்கள். அமெரிக்காவில் ஆலன் லோமாக்ஸ் என்பவர் 1930-களிலிருந்து சிறைகளுக்கும் தீவுகளுக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்ததால்தான், ஜார்ஜியா கடல் தீவுகளின் பாட்டும் மிஸிஸிப்பியின் பார்ச்மன் சிறைப் பாட்டும் இன்று இணையத்தில் இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன. உங்கள் கையில் உள்ள போன் அவர் தூக்கிச் சுமந்த கருவியை விட நல்ல பதிவுக் கருவி. உங்கள் ஊரில் அம்பா பாடத் தெரிந்த பெரியவர் ஒருவராவது மிஞ்சியிருப்பார். காற்று விழுந்த நேரம் பார்த்து, போனைத் துணி மேல் வைத்து, முதலில் அவர் பெயர், ஊர், தேதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். வெளியிடுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேளுங்கள். பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை சமுதாய வானொலி 90.4-ல் இருக்கிறது, அப்படிப்பட்ட குரல்களுக்குத்தான் அது. எங்கள் பெரியப்பாவின் பாட்டில் என்னிடம் இருப்பது பதினோரு நிமிடம் மட்டும். அடுத்த வாரம் மீதியை எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். அவர் அந்த ஆடியைத் தாண்டவில்லை.

வீட்டில் யாருக்கு எதை முதலில் போடுவது என்று கேட்டால், செசாரியா எவோராவை அம்மாவுக்கும் அத்தைமார்களுக்கும் வையுங்கள். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் உள்ள கேப் வெர்டே தீவுக்காரர். மிந்தெலோ துறைமுகத்தில் மாலுமிகள் வரும் மதுக்கடைகளில் பாடி, ஐம்பது வயதை நெருங்கும்போதுதான் உலகப் புகழ் பெற்றார். மேடையில் செருப்பு போடாமல் பாடியவர். அவர்களும் போர்த்துக்கீசியர் ஆண்ட தீவினர். ஊரை விட்டுப் பிழைக்கப் போகிறவர்களைப் பற்றிய மோர்னா என்ற பாடல்முறை அவர்களுடையது. சாவோ தோமே தீவுக்குப் போகும் நீண்ட வழியை உனக்கு யார் காட்டியது என்று கேட்கும் அவருடைய பாட்டு ஒன்று இருக்கிறது. சென்ற வருடம் அதை என் அத்தைக்குப் போட்டேன். கடல்பாசி எடுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் உலர்த்திக்கொண்டிருந்தார். மகன் பஹ்ரைனில் படகு வேலையில் இருக்கிறான், மூன்று வருடமாக வரவில்லை. பாட்டு முடியும் வரை பாசியைக் கிளறுவதை நிறுத்தவில்லை. முடிந்தபின், என்ன கேட்கிறாள் இந்தப் பெண் என்றார். போகிற வழியை யார் காட்டியது என்று கேட்கிறாள் என்றேன்.

"ஏஜென்ட்தான், வேறு யார்?" என்றார் அத்தை. பிறகு அடுப்படியில் இருந்த மருமகளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு, இன்னொரு தடவை போடச் சொன்னார்.